பிறந்ததிலிருந்தே மகளுக்குக் கீச்சுக் குரல், குரல்நாணுக்கு நடுவே சவ்வு இருக்கிறதாம் – விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

கெடிலக்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் இருக்கிறோம். மகளுக்கு 5 வயது, யு.கே.ஜி. படிக்கிறாள். பிறந்ததிலிருந்தே அவள் குரல் மற்ற பிள்ளைகள் குரல் மாதிரி இல்லை. பிரசவ வார்டில் பக்கத்துக் கட்டில் குழந்தை அழுதால் தாழ்வாரம் வரைக்கும் கேட்கும், இவள் அழுவது நான் திரும்பி முகத்தைப் பார்த்தால்தான் எனக்கே தெரியும். வாய் திறந்திருக்கும், முகம் சிவந்திருக்கும், வருவது மெலிசாக ஒரு கீச்சு. அப்போது கேட்டதற்குக் குழந்தை பலவீனமாக இருக்கிறது, தேறினால் சரியாகிவிடும் என்றார்கள். தேறினாள், எடை ஏறியது, நடந்தாள், பேச ஆரம்பித்தாள், குரல் மட்டும் அப்படியே இருக்கிறது. பேசுவதில் பாதி காற்றாகப் போய்விடும், மீதி பாதி உச்சத்தில் கம்மிப்போய் வரும்.

சளி, தொண்டைக்கட்டு, கத்திக் கத்தித் தொண்டை போய்விட்டது என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். மாமியார் வசம்பு உரசி நாக்கில் தடவினார். திருவந்திபுரத்தில் மலை ஏறி ஹயக்ரீவருக்கு வேண்டிக்கொண்டு வந்தோம், அது மனதுக்கு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மழைக்காலத்தில் சளி பிடித்துவிட்டால் ராத்திரி மூச்சை உள்ளே இழுக்கும்போது ஒரு சத்தம் வரும், வறட்டு இருமலும் சேர்ந்துகொள்ளும், நெபுலைசர் வைக்க ஓடுவோம். வீசிங் என்று எழுதிக் கொடுப்பார்கள்.

இப்போது பாண்டிச்சேரியில் ஒரு ஈ.என்.டி. டாக்டர் மூக்கு வழியாக மெல்லிய ஸ்கோப் விட்டுப் பார்த்துவிட்டு, தொண்டையில் அதிர்ந்து குரல் கொடுக்கிற இரண்டு குரல்நாணுக்கும் நடுவே முன்பக்கம் ஒரு சவ்வு இருக்கிறது, பிறவியிலேயே வந்தது, லாரிஞ்சியல் வெப் என்று பெயர், இவளுக்கு டைப் டூ மாதிரி தெரிகிறது என்றார். படத்தையும் காட்டினார். பெரிய ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து கொடுத்து முழுதாகப் பார்க்க வேண்டும், அதற்கு முன்னால் இருதயத்துக்கு ஒரு எக்கோ, அப்புறம் ஒரு ஜீன் டெஸ்ட் என்று எழுதிக் கொடுத்தார். அடுத்த நோயாளி வந்துவிட்டார், அதற்கு மேல் கேட்க முடியவில்லை.

என் வீட்டுக்காரர் சிப்காட்டில் ஷிப்ட் வேலை. மூச்சு நன்றாக இருக்கிறது, ஓடி விளையாடுகிறாள், பிள்ளைக்கு எதற்குக் கத்தி வைக்க வேண்டும் என்கிறார். மாமியார், கிரகணத்தன்று நான் மாசமாக இருக்கும்போது வெளியே போனதுதான் காரணம் என்று இப்போது புதிதாக ஆரம்பித்திருக்கிறார். பள்ளிக்கூடத்தில் ரைம்ஸ் சொல்லும்போது இவள் குரல் கேட்பதே இல்லை என்று வாயசைத்தால் போதும் என்று சொல்லிவிட்டார்களாம், அதை அவளே வந்து சொன்னாள்.

தொண்டையில் உள்ள சவ்வுக்கும் இருதயத்துக்கும் ஜீனுக்கும் என்ன சம்பந்தம்? உடனே ஆபரேஷன் செய்ய வேண்டுமா, காத்திருக்கலாமா? செய்தால் குரல் மற்ற பிள்ளைகள் மாதிரி வருமா? தெரிந்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.

———

பண்ருட்டிக்காரன் எழுதியது:

பயப்படாதீங்க சகோதரி. என் அக்கா பையனுக்கும் இதே மாதிரி கரகரத்த குரல்தான், ஓயாமல் கத்துவான். டாக்டர் குரல்நாணில் காய்ப்பு என்று சொல்லிக் கத்தாமல் இருக்கப் பழக்கச் சொன்னார். பெரியவனானதும் தானாகச் சரியாகிவிட்டது. ஆபரேஷன் கீபரேஷன் எல்லாம் வேண்டாம், கொஞ்சம் பொறுத்துப் பாருங்கள்.

———

புதுவைப் பேச்சுப்பயிற்சி எழுதியது:

நான் வில்லியனூர் பக்கம் பேச்சு, கேட்பியல் பயிற்சியாளராக இருக்கிறேன். டாக்டர் இல்லை, அதனால் மருத்துவ முடிவு எதையும் இங்கே சொல்ல மாட்டேன். ஆனால் இந்த மாதிரிப் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன், கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் பண்ருட்டி அண்ணன் சொன்னதற்கு. உங்கள் அக்கா பையனுக்கு வந்தது வேறு, அண்ணா. பிள்ளைகளுக்குக் குரல் கம்முவதற்கு ரொம்ப அதிகமாக இருக்கும் காரணம் கத்திக் கத்தி வருகிற காய்ப்புதான், அது பெரும்பாலும் பயிற்சியிலும் வயதிலும் சரியாகிவிடும். நன்றாக இருந்த குரல் 2, 3 வயதுக்கு மேல் கம்ம ஆரம்பித்து நாளாக நாளாக மோசமானால் குரல்வளையில் மரு மாதிரி வளர்கிற நோய் இருக்கிறதா என்று பார்ப்பார்கள், எச்.பி.வி. வைரஸின் 6, 11 வகைகளால் வருவது அது. முதல் அழுகையிலிருந்தே குரல் இல்லை என்றால் கதையே வேறு, அமைப்பிலேயே ஏதோ இருக்கலாம், அதைக் காத்திருந்து பார்த்துப் பயனில்லை, ஸ்கோப் போட்டுத்தான் பார்க்க வேண்டும். கடலூர் அக்காவுக்கு அது நடந்துவிட்டது, நல்லது.

இப்போது சவ்வு என்றால் என்ன என்று. கரு ஏழு எட்டு வாரமாக இருக்கும்போது எல்லோருக்கும் குரல்வளையின் உள்பாதை சில காலம் ஒட்டி மூடித்தான் இருக்கும், பத்தாவது வார வாக்கில் அது மறுபடி திறக்கும். அந்தத் திறப்பு முழுதாக நடக்காமல் நின்றுபோனால், நின்ற இடத்தில் ஒரு சவ்வு மிஞ்சிவிடும். வாத்துக் கால் விரல்களுக்கு நடுவே இருக்கிற தோலை நினைத்துக்கொள்ளுங்கள், இரண்டு குரல்நாணும் முன்னால் சேருகிற மூலையில் அப்படி ஒன்று இருக்கும். பெரும்பாலான சவ்வுகள் குரல்நாண் மட்டத்தில், முன்பக்கத்தில்தான் வரும். கர்ப்பம் தரித்த மூன்றாம் மாதத்துக்குள் முடிந்துவிடுகிற சங்கதி இது, பல பெண்களுக்கு மாசமாக இருப்பது உறுதியாகிற நேரமே அதுதான். கிரகணத்துக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. நீங்கள் சாப்பிட்டது, நடந்தது, வெளியே போனது எதுவும் காரணம் இல்லை. இதை உங்கள் மாமியாரிடமும் டாக்டர் வாயாலேயே சொல்ல வையுங்கள், வீட்டில் யார் சொன்னாலும் எடுபடாது.

மூச்சு நன்றாக இருக்கிறதே என்று உங்கள் வீட்டுக்காரர் கேட்பது நியாயமான கேள்வி. குரல்நாணின் முன்பகுதிதான் அதிர்ந்து சத்தம் போடுகிறது, பின்பகுதி மூச்சுக்கு அகலமாகத் திறந்துகொடுக்கிறது. சவ்வு முன்னால் இருப்பதால் அதிர வேண்டிய நீளத்தைத் தின்றுவிடுகிறது, பின்னால் வழி திறந்தே இருக்கிறது. அதனால்தான் உங்கள் மகள் ஓடுகிறாள், ஆனால் பேசினால் கேட்கவில்லை. அதிர்கிற நீளம் குறைந்துவிட்டதால்தான் குரல் உச்சத்தில் கீச்சென்று வருகிறது. டைப் டூ என்றால் 35 முதல் 50 சதவீதம் வரை மூடியிருக்கிறது என்று அர்த்தம், மொத்தம் நான்கு வகை, நான்காவதில் 90 சதவீதம் வரைகூட மூடியிருக்கும், அந்தப் பிள்ளைகளுக்குப் பிறந்ததுமே கழுத்தில் துளை போட்டு மூச்சுவிட வைக்க வேண்டியிருக்கும். உங்கள் மகள் அந்த இடத்தில் இல்லை. ஆனால் டைப் டூவில் சளி பிடித்தால் கதை மாறும். ஏற்கனவே குறுகலான இடம், அதில் கொஞ்சம் வீங்கினாலும் வழி சட்டென்று அடைபடும், நீங்கள் ராத்திரியில் கேட்ட சத்தம் அதுவாக இருக்க வாய்ப்பு அதிகம். மூச்சை உள்ளே இழுக்கும்போது சத்தம் என்றால் குரல்வளைப் பக்கம், வெளியே விடும்போது விசில் மாதிரி என்றால் நுரையீரல் பக்கம் என்று பொதுவாகச் சொல்வார்கள். அடுத்த முறை சத்தம் வந்தால் போனில் வீடியோ எடுத்து வையுங்கள், டாக்டருக்கு அது பெரிய உதவி.

இருதயம், ஜீன் விஷயம் ரொம்ப முக்கியம், அதை எழுதிக் கொடுத்த டாக்டர் நல்ல டாக்டர். 22வது குரோமோசோமில் ஒரு சின்னத் துண்டு இல்லாமல் பிறக்கிற நிலை ஒன்று இருக்கிறது, 22க்யூ11 குறைபாடு என்பார்கள், ஏறக்குறைய 4000 பிறப்புக்கு ஒன்று என்ற கணக்கு. முன்பக்கச் சவ்வோடு பிறக்கிற பிள்ளைகளில் கணிசமானவர்களுக்கு இது இருப்பது தெரிந்திருக்கிறது, அதனால் இந்தச் சவ்வைப் பார்த்தாலே அந்த டெஸ்ட்டையும் கேட்பார்கள். அந்தத் துண்டு இல்லாவிட்டால் இருதயத்திலும் அதிலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாயிலும் கோளாறு இருக்கலாம், ரத்தத்தில் கால்சியம் குறையலாம், வாயின் மேல்கூரையான அண்ணம் சரியாக மூடாமல் பேச்சு மூக்கு வழியாக வரலாம், நோய் எதிர்ப்பு சக்தியும் குறைவாக இருக்கலாம், படிப்பில் கொஞ்சம் கூடுதல் உதவி தேவைப்படலாம். எல்லோருக்கும் எல்லாம் வராது. ஆனால் மயக்க மருந்து கொடுப்பதற்கு முன்னால் இருதயமும் கால்சியமும் எப்படி இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும், அதனால்தான் எக்கோவை முதலில் வைத்திருக்கிறார்.

அக்கா, ஒன்று கேட்கிறேன். கைக்குழந்தையாக இருந்தபோது பால் மூக்கு வழியாக வந்திருக்கிறதா? பிறந்த புதிதில் ஃபிட்ஸ் ஏதாவது வந்ததா? அடிக்கடி காது வலி, சீழ்?

அப்புறம் வசம்பு. அதை உள்ளுக்குக் கொடுக்க வேண்டாம், பிள்ளைகளுக்கு நல்லதல்ல என்று டாக்டர்கள் சொல்கிறார்கள், இந்தச் சவ்வை அது எதுவும் செய்யாது. பயிற்சியும் சவ்வைக் கரைக்காது, அதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். குரல் வரவில்லையே என்று பிள்ளைகள் கழுத்தை இறுக்கி முக்கிப் பேசப் பழகிவிடுவார்கள், அந்த இறுக்கத்தைத்தான் நாங்கள் குறைக்கப் பார்க்கிறோம், ஆபரேஷனுக்கு அப்புறம் புதுக் குரலைப் பயன்படுத்தப் பழக்குகிறோம்.

பள்ளிக்கூடத்தில் போய்ப் பேசுங்கள். வாயசைத்தால் போதும் என்று ஒரு 5 வயதுப் பிள்ளையிடம் சொல்லக் கூடாது. முன் வரிசையில் உட்கார வைக்கச் சொல்லுங்கள், ரைம்ஸ் நேரத்தில் கையில் ஒரு சின்ன மைக் கொடுக்கலாம், விலையும் அதிகமில்லை. டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்கிக் கொடுத்தால் டீச்சர்கள் கேட்பார்கள், பெரும்பாலும் அவர்களுக்கு விஷயம் தெரியாததுதான் காரணம்.

———

பாகூரான் எழுதியது:

நான் இந்தச் சவ்வோடு பிறந்தவன், இப்போது முப்பதைத் தாண்டிவிட்டேன். எனக்குச் சின்ன அளவு, டைப் ஒன், ஆனால் சின்ன வயதில் யாரும் ஸ்கோப் போடவில்லை. வகுப்பில் எல்லாப் பையன்களுக்கும் குரல் உடைந்தபோது எனக்கு உடையவில்லை, போனில் பேசினால் அம்மா என்று நினைத்து அம்மா என்றே கூப்பிடுவார்கள். வருகைப் பதிவின்போது நான் சொல்லும் உள்ளேன் கேட்காமல் ஆப்சென்ட் போட்ட நாள்கள் உண்டு. எனக்குப் பேசுவதே பிடிக்காமல் போனது இதனால்தான். பக்கத்துக் கடைக்குப் போய்ப் பொருள் கேட்கக்கூடத் துண்டுச்சீட்டு எழுதிக்கொண்டு போவேன். சகோதரி, மூச்சு நன்றாக இருக்கிறது என்பதோடு விஷயம் முடிந்துவிடாது, குரல் இல்லாமல் வளர்வதும் ஒரு கஷ்டம்தான், இதை உங்கள் வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள்.

எனக்கு இது இருப்பது தெரிந்தது ஹெர்னியா ஆபரேஷனுக்குப் போனபோது. மயக்கம் கொடுத்துத் தொண்டைக்குள் ட்யூப் இறக்கும்போது வழக்கமான அளவு போகவில்லை. அங்கிருந்த மயக்க மருந்து டாக்டர் அழுத்தித் தள்ளாமல் நிறுத்தி, சின்ன ட்யூபாகப் போட்டு முடித்தார், அப்புறம் எழுந்ததும் உன் தொண்டையில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள் என்று ஈ.என்.டி.க்கு அனுப்பினார். அவருக்கு நான் என்றும் கடமைப்பட்டவன்.

அதன் பிறகு ஆபரேஷன் செய்துகொண்டேன். வாய் வழியாகவே லேசர் வைத்துச் சவ்வை வெட்டினார்கள், வெளியே தழும்பு இல்லை. இதில் உள்ள சிக்கல் வெட்டுவதில் இல்லை, வெட்டிய பின்தான். இரண்டு பக்கமும் பச்சைப் புண்ணாக எதிரெதிரே இருக்கும், முன் மூலையில் ஒன்றோடொன்று உரசி மறுபடி ஒட்டிக்கொள்ளப் பார்க்கும். அதைத் தடுக்க நடுவில் ஒரு சிலிக்கான் தகடு வைப்பார்கள், கீல் என்று பெயர், இரண்டு மூன்று வாரம் கழித்து எடுப்பார்கள். அந்த நாள்களில் பேசவே கூடாது, விழுங்கும்போது உறுத்தும், இருமல் வரும். தகடு எடுத்த பிறகும் ஓரத்தில் கொஞ்சம் ஒட்டத்தான் செய்தது.

குரல் முழுக்க வந்ததா என்று கேட்டால், இல்லை. முன்பைவிட நன்றாகவே இருக்கிறது, தடித்திருக்கிறது, போனில் ஆண் என்று தெரிகிறது, ஆனால் கடற்கரையில் நின்று கூப்பிட்டால் தூரத்தில் இருப்பவருக்குக் கேட்காது, மாலையானால் களைத்துவிடும். இதை முன்கூட்டியே எனக்குச் சொன்னார்கள், அதனால் ஏமாற்றம் இல்லை. உங்கள் டாக்டரிடமும் குரல் எவ்வளவு வரும், மறுபடி ஒட்டினால் என்ன செய்வீர்கள் என்று இரண்டையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வருடத்துக்கு எத்தனை குரல்வளை ஆபரேஷன் பிள்ளைகளுக்குச் செய்கிறார்கள் என்றும் கேளுங்கள், கேட்பதில் தப்பே இல்லை.

———

ஓ.டி. சிஸ்டர் எழுதியது:

நான் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ், பிள்ளைகள் கேஸ் நிறைய பார்க்கிற இடத்தில் வேலை. பாகூர் தம்பி சொன்ன ட்யூப் விஷயத்தை மட்டும் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் தாய்மார்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

பிள்ளைகளுக்கு எந்த அளவு ட்யூப் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. வயதை நாலால் வகுத்து நாலைக் கூட்ட வேண்டும், 5 வயதுக்கு 5 மில்லிமீட்டர் சொச்சம் வரும். சவ்வு இருக்கிற பிள்ளைக்கு அதைவிடச் சின்னது வேண்டும், சின்ன அளவுகளை எல்லாம் வரிசையாக எடுத்து வைத்துக்கொண்டுதான் மயக்கமே கொடுப்போம். தெரியாமல் வழக்கமான அளவைத் திணித்தால் உள்ளே சிராய்க்கும், வீங்கும், சரியாக இருந்த மூச்சுக்கே ஆபத்து. அதனால் நாளைக்குப் பல் பிடுங்கக் கொண்டு போனாலும் சரி, கை ஒடிந்து கட்டுப்போடக் கொண்டு போனாலும் சரி, மயக்கம் என்ற சொல் காதில் விழுந்ததும் என் பிள்ளைக்குக் குரல்நாண் மட்டத்தில் சவ்வு இருக்கிறது என்று சொல்ல வேண்டும். ஸ்கோப் ரிப்போர்ட்டைப் போனில் படம் எடுத்து வையுங்கள், வீட்டுக்காரர் போனிலும் பள்ளிக்கூட டைரியிலும் இருக்கட்டும்.

மயக்கம் கொடுத்துப் பார்ப்பது எதற்கு என்றால், மூக்கு வழியாகப் பார்க்கும்போது சவ்வின் மேல்பரப்புதான் தெரியும். அது கீழே எவ்வளவு தூரம் இறங்குகிறது, எவ்வளவு தடிமன், குரல்நாணுக்குக் கீழே மூச்சுக்குழாய் ஆரம்பிக்கிற வளையமும் குறுகியிருக்கிறதா என்று உள்ளே போய்ப் பார்த்தால்தான் தெரியும். காகிதம் மாதிரி மெல்லிசாக இருந்தால் வாய் வழியாகவே வெட்டி முடித்துவிடலாம். கீழே தடித்து இறங்கியிருந்தால் கழுத்து வழியாகத் திறந்து, விலா எலும்பின் குருத்தெலும்பில் ஒரு துண்டு எடுத்து வைத்து வழியை அகலப்படுத்தவேண்டி வரலாம், அது பெரிய ஆபரேஷன். மூச்சுக்குத் தொந்தரவு இல்லாவிட்டால் அவசரப்பட மாட்டார்கள், குரல்வளை வளரட்டும் என்று சில காலம் பார்ப்பதும் உண்டு. ஆகவே இப்போது நீங்கள் முடிவு செய்ய வேண்டியது ஆபரேஷனா இல்லையா என்பதை இல்லை, முழுதாகப் பார்க்கலாமா என்பதைத்தான். வீட்டுக்காரரிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்.

இடத்தைப் பொறுத்தவரை, உங்களுக்குக் கோரிமேடு ஜிப்மர் பக்கம்தான். கடலூரிலிருந்து பாண்டி பஸ் ஏறிப் புது பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் அங்கிருந்து கோரிமேட்டுக்கு டவுன் பஸ் இருக்கிறது. ஓ.பி. சீட்டுக்குக் காலையிலேயே போய்விட வேண்டும். சிதம்பரம் அண்ணாமலை நகர் அரசு மருத்துவக் கல்லூரியிலும் ஈ.என்.டி. பிரிவு இருக்கிறது. சென்னை போக முடிந்தால் எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை இருக்கிறது. ஜீன் சம்பந்தமான ஆலோசனைக்கு வேலூர் சி.எம்.சி.யில் தனிப் பிரிவே உண்டு. பிறந்தபோது கொடுத்த டிஸ்சார்ஜ் சீட்டு, தடுப்பூசி அட்டை, நெபுலைசர் வைத்த சீட்டுகள், ஸ்கோப் படம், ஆதார், முதலமைச்சர் காப்பீட்டு அட்டை எல்லாவற்றையும் ஒரே பையில் போடுங்கள், அட்டை எங்கே செல்லும் எங்கே செல்லாது என்பதை அங்கேயே காப்பீட்டுக் கவுண்டரில் கேட்டுக்கொள்ளலாம்.

மயக்கத்துக்கு முன்னால் இட்லி, பால், பிஸ்கட் எல்லாம் 6 மணி நேரத்துக்கு முன்பே நிறுத்திவிட வேண்டும், வெறும் தண்ணீர் 2 மணி நேரம் முன்பு வரை. பசி தாங்க மாட்டாள் என்று பாட்டி ரகசியமாக ஒரு பிஸ்கட் கொடுத்தாலும் கேஸைத் தள்ளிப் போட்டுவிடுவார்கள், அது பிள்ளையின் பாதுகாப்புக்குத்தான். சளியோ காய்ச்சலோ இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள்.

ராத்திரி சத்தம் வரும்போது இதைப் பாருங்கள். அமைதியாகப் படுத்திருக்கும்போதும் சத்தம் வருகிறதா, நெஞ்சுக்குழியும் விலாவும் உள்ளே இழுக்கிறதா, எச்சில் விழுங்க முடியாமல் வழிகிறதா, உதடு நீலம் பாய்கிறதா? இதில் ஏதாவது ஒன்று இருந்தாலும் வீட்டில் நெபுலைசர் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், 108ஐக் கூப்பிடுங்கள். பிள்ளையை அழ விடாமல் மடியில் உட்கார வைத்தபடி கொண்டு போங்கள், படுக்க வைக்காதீர்கள்.

———

கெடிலக்கரை எழுதியது:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. வீட்டுக்காரருக்கு எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன், பாகூர் தம்பி எழுதியதைக் கேட்டுவிட்டுப் போனை வாங்கி அவரே ஒருமுறை படித்தார். பார்ப்பதற்குச் சம்மதித்துவிட்டார்.

பேச்சுப்பயிற்சி மேடம் கேட்டதற்குப் பதில். ஆமாம், பால் மூக்கு வழியாக வரும். நிறைய நாள் வந்தது, ஓரமாகச் சாய்த்து வைத்துச் சங்கில்தான் கொடுப்போம். நான் கொடுக்கும் விதம் சரியில்லை என்றுதான் சொல்வார்கள், இதை எந்த டாக்டரிடமும் நான் சொன்னதில்லை, அவர்களும் கேட்டதில்லை. ஃபிட்ஸ் வரவில்லை. காதில் சீழ் இரண்டு வயதுக்கு மேல் அடிக்கடி வரும். "ப", "ச" சொல்லும்போது மூக்கில் காற்றுப் போகிற மாதிரி இருக்கும், குரல்தான் அப்படி என்று நினைத்திருந்தோம். இதெல்லாம் அந்த ஜீன் விஷயம்தானா? இரண்டாவது குழந்தை பற்றி வீட்டில் பேச்சு வந்துகொண்டிருக்கிறது, அதற்கும் இது வருமா என்று பயமாக இருக்கிறது.

———

புதுவைப் பேச்சுப்பயிற்சி எழுதியது:

அக்கா, எழுத்தில் படித்துவிட்டு அதுதான் என்று நான் சொல்லக் கூடாது, டெஸ்ட்தான் சொல்ல வேண்டும். ஆனால் பால் மூக்கில் வந்தது, காதில் சீழ், மூக்கில் காற்று இவை மூன்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய்க் கட்டாயம் டாக்டரிடம் கொடுங்கள். அண்ணத்தில் மேலே தோல் மூடியிருந்து உள்ளே தசை சரியாகச் சேராமல் இருப்பது உண்டு, வாயைத் திறந்து பார்த்தால் சாதாரணமாகத்தான் தெரியும். மயக்கத்தில் இல்லாமல், விழித்திருந்து பேசும்போது மூக்கு வழியாக ஸ்கோப் விட்டு அண்ணம் மூடுகிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். காது கேட்கும் திறனுக்கும் ஒரு டெஸ்ட் எடுத்துவிடுங்கள், சீழ் வந்த காது கொஞ்சம் மந்தமாக இருந்தால் பேச்சு இன்னும் பின்தங்கும்.

டெஸ்ட் ரத்தத்தில்தான். ஃபிஷ் என்று ஒரு முறை, மைக்ரோஅரே என்று இன்னொரு முறை, எது என்று மரபியல் டாக்டர் முடிவு செய்வார். கூடவே கால்சியமும் பார்க்கச் சொல்லுங்கள்.

இரண்டாவது குழந்தை பற்றி. அந்தத் துண்டு இல்லாமல் போவது பத்துப் பேரில் ஒன்பது பேருக்குப் புதிதாக நடப்பது, அப்பா அம்மாவிடம் இருக்காது, அப்படியானால் அடுத்த குழந்தைக்கு வரும் வாய்ப்பு ரொம்பக் குறைவு. மீதி ஒருவருக்குப் பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்திருக்கும், அவருக்குப் பெரிதாக எந்தத் தொந்தரவும் தெரியாமல்கூட இருந்திருக்கலாம், அப்படியானால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. மகளுக்கு டெஸ்ட்டில் இருப்பது உறுதியானால் உங்கள் இருவருக்கும் எடுக்கச் சொல்வார்கள். மகளுக்கு இல்லை என்று வந்தால் அந்தத் துண்டைப் பற்றிய கவலை வேண்டாம், சவ்வையும் அண்ணத்தையும் காதையும் பார்த்துக்கொள்ளலாம். ரிசல்ட் வரும் வரைக்கும் இரண்டாவது குழந்தைப் பேச்சை வீட்டில் கொஞ்சம் தள்ளி வையுங்கள்.

எக்கோ எழுதிக் கொடுத்திருக்கிறார் அல்லவா, அதை மட்டும் தள்ளிப் போடாதீர்கள். எக்கோ ரிப்போர்ட் கையில் இருந்தால்தான் மயக்கத்துக்குத் தேதி கிடைக்கும். மழைக்காலம் தொடங்கிவிட்டால் சளியில் தேதி தள்ளிக்கொண்டே போகும், அதற்கு முன்னால் பார்த்துவிடுங்கள்.